ஐயோ மாஸ்டரும் மணல் மூட்டையும்

சேர வந்த ஆள் செத்துப்போய்விடுவாரோ என்று நடுங்கிக்கொண்டே ஜிம் நடத்திய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் திருநகர் ஐயோ மாஸ்டர். இரண்டு புஜமும் இரண்டு பூசணிக்காய். மீசைக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்திருப்பாரோ என்று சந்தேகம் வரும். ஆனால் யாராவது எடையைத் தூக்கினால், தூக்குகிறவன் முக்குவதற்கு முன்பே இவர் "ஐயோ!" என்று அலறிவிடுவார். அப்படி வந்த பெயர்தான் அது. சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

அவரிடம் நான் போனதற்குக் காரணம் பயம். நான் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் விசை, நெம்புகோல் என்று காலமெல்லாம் பாடம் நடத்தினேன். வீட்டில் ஒரு சிலிண்டரை நகர்த்தியதில்லை. அரிசி மூட்டையும் தண்ணீர்க் குடமும் என் மனைவி சரோஜாவின் இலாகா. அவள் குடத்தோடு கடந்து போகும்போது, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மட்டும் மடக்கி வழிவிட்டவன் நான். அதைப் பெரிய உதவி என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

போன வருடம் அவள் மூட்டு தேய்ந்தது. ஒருநாள் குளியலறை வாசலில் சறுக்கி விழுந்தாள். அடி பலமில்லை, ஆனால் எழ முடியவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, உடம்பின் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்தால் எழலாம் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"பாடம் எடுக்காதீங்க. கையக் குடுங்க."

கொடுத்தேன். அவள் பிடித்து எழப் பார்த்தாள். நானும் விழுந்தேன்.

சிலிண்டர் போட வந்த ஆள்தான் எங்களைத் தூக்கி நிறுத்தினார். அவர் வரும்வரை இருவரும் ஈரத் தரையில் கிடந்தோம். பிள்ளைகள் வெளிநாட்டில். அன்றிலிருந்து அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தாலும் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். அவள் விழுவாளோ என்பதைவிட, விழுந்தால் மறுபடியும் நான் நின்று வேடிக்கை பார்ப்பேனோ என்பதுதான் பெரிய பயம்.

ஜிம் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் இருந்தது. சால்னா வாசத்தில்தான் பையன்கள் கொழுப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"வாங்க சார். யாரச் சேக்கணும்? பேரனா?" என்றார் மாஸ்டர்.

"எனக்குத்தான். எழுபத்திமூணு வயசு. வீட்டம்மா விழுந்தா நான் தூக்கணும்."

"ஐயோ!" மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "சார், படி ஏறி வந்தீங்கள்ல, இன்னைக்கு அம்புட்டுதான் எக்சசைஸ். கைப்பிடியப் புடிச்சு மெல்ல எறங்குங்க."

மறுநாளும் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே பஸ்கி என்று வைத்துக்கொண்டார். நான் அதைச் செய்யும்போதெல்லாம் கீழே ஓர் ஆட்டோ, ஆஸ்பத்திரி இருக்கும் திசையைப் பார்த்து நிற்கும். ஜன்னல் வழியே கத்துவார்: "மாப்ள, சாவி வண்டிலயே இருக்கட்டும். சார் பஸ்கி எடுக்கப் போறாரு!"

நானும் சும்மா இருக்கவில்லை. தசை எப்படி வளர்கிறது என்று படித்துவிட்டுப் போய்ப் பையன்களுக்கு வகுப்பெடுத்தேன். அவர்கள் எனக்கு 'சிலபஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

கால் கொஞ்சம் உறுதிப்பட்டதும் இரும்பைத் தொட ஆசைப்பட்டேன். மாஸ்டர் தடுத்தார். "சார், இரும்புக்குக் கைப்பிடி இருக்கு. வீட்டம்மாவுக்கு இருக்கா?" என்று கேட்டு, ஒரு மணல் மூட்டையை உருட்டிவிட்டார். அது எங்கே பிடித்தாலும் வேறெங்கோ சரிந்தது. திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்துப் பழகினேன்.

ஒருநாள் மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவரே சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தார்.

"சார், நான்தான் உங்க வீட்டம்மா. விழுந்துட்டேன். தூக்குங்க."

"மாஸ்டர், உங்க எடைக்கு..."

"ஏங்க, பேசிக்கிட்டே நிக்கிறீங்களே! இடுப்பு வலிக்குதுங்க!" என்று மெல்லிய குரலில் முனகினார்.

கண்ணாடியில் புஜம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் திரும்பினான். "அண்ணே, சேல எடுத்தாரவா?"

"வாய மூடுடா! சார், மொதல்ல என்னைய உக்கார வைங்க. பின்னாடி வந்து, அக்குளுக்குள்ள கையக் குடுத்துக் கட்டிப்புடிங்க. முதுக வளைக்காதீங்க, தொடையால எந்திரிங்க. மூச்ச அடக்கிராதீங்க, வாயத் தொறந்து கத்துங்க!"

"என்னன்னு கத்துறது?"

"எது வருதோ அது."

உட்கார வைத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. "ஐயோ, சாருக்கு வேர்க்குது!" என்று வீட்டம்மா துள்ளி எழுந்து என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பிறகு ஜிம்மிலேயே ஒல்லியான பையனை விழவைத்துப் பழக்கினார். எப்படியோ ஒருநாள் அவனை எழுப்பி நிறுத்திவிட்டேன்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், துணி காயப்போடப் போன சரோஜா பின்வாசலில் விழுந்தாள். சத்தம் கேட்டுப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் முகத்தில் வலியைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. நான் பாடம் ஆரம்பித்துவிடுவேனோ என்ற பயமாக இருக்கலாம்.

எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்டேன். உட்கார வைத்தேன். பின்னால் போய்க் கட்டிப்பிடித்தேன். தொடையை ஊன்றி எழுந்தேன். எனக்கே தெரியாமல் தெருமுனை வரை கேட்கிற மாதிரி "ஐயோ!" என்று ஓர் அலறல் வந்தது.

சரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விழுந்தது நானு. நீங்க எதுக்கு அலறுறீங்க?" என்றாள். சொல்லிவிட்டு என் கையை விடவே இல்லை.

போனில் சொன்னதும் மாஸ்டர் பதறினார். "ஐயோ! ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்?"

ஜிம் இருந்த கட்டடம் இப்போது கைமாறிவிட்டது. மாஸ்டர் திருப்பூருக்குப் போய்விட்டார். ஆனாலும் தினமும் காலையில் போன் செய்வார்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பஸ்கி?"

"ஆச்சு."

அவ்வளவுதான், வைத்துவிடுவார். இதை எழுதிக்கொண்டிருக்கும் இன்று அந்தப் போன் இன்னும் வரவில்லை. "வேல இருக்கும், விடுங்க" என்கிறாள் சரோஜா. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி அடிக்கட்டும். இன்றைக்கு முதலில் "ஐயோ" என்று சொல்லப்போவது நான்தான்.