பேர்போன வருசத்துப் போத்தில்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

பாரிசில் வாழும் அன்பு மருமகன் வினோதன் அவர்களுக்கு,

மாமா தவராசா எழுதுவது. கோணேசப் பெருமான் புண்ணியத்தில் இங்கு என் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. நீங்களும் மகள் கீர்த்தனியும் குளிருக்குக் கவனமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நிற்க. முடிந்தால் ஆடியில் வருவோம் என்று தொலைபேசியில் கூறினீர்கள். அத்தோடு, பிரான்ஸ் வைனில் இரண்டாயிரத்துப் பதினைந்து பேர்போன வருடம், எங்கு கண்டாலும் விடவேண்டாம் என்றும் கூறினீர்கள். அன்று பின்னேரமே புறப்பட்டேன். உங்கள் மாமி காலமான பிறகு, இன்னொருவருக்காகக் கடைக்குப் போனது அன்றுதான். உப்புவெளியில வெள்ளைக்காரருக்கு விக்கிற கடையொண்டில உங்கட பதினைஞ்சு இருந்தது. பக்கத்தில அதே தோட்டத்துப் பதினாலும் இருந்தது. அதே படம், அதே எழுத்து, விலை மட்டும் மூண்டிலொரு பங்கு. என்ன வித்தியாசம் எண்டு கேட்டன். "பதினைஞ்சில அங்க நல்ல வெயிலாம் ஐயா" எண்டார் கடைக்காரர். வெயிலுக்கு இந்த விலையெண்டால் திருகோணமலையில நாங்கள் எல்லாரும் கோடீஸ்வரர். எண்டாலும் மருமகனுக்கு வைக்கிற சாமான், பேரைக் கேட்டு ஏமாறவும் ஏலாது, மலிவைப் பாத்து மானம் போகவும் ஏலாது. குடிச்சுப் பாத்து முடிவெடுப்பம் எண்டு ரெண்டையும் வாங்கினன்.

பையுக்க முருங்கையிலையைப் போட்டு மூடித்தான் கொண்டுவந்தனான். பஸ் குலுக்கின குலுக்கில ரெண்டும் முட்டி மணியடிக்குது. வீட்டு வாசல் படலையடியில பக்கத்துவீட்டுக் கௌசிகா ரீச்சர். "என்னய்யா சத்தம்?" "மருந்துப் போத்தில்" எண்டன். அடுத்த நாள் தெருவில அரைவாசிப்பேர் வந்து சுகம் விசாரிச்சுப்போட்டுப் போச்சினம். பொய்க்கு வெக்கமாத்தான் இருந்தது, ஆனா ஆக்கள் வந்தது நல்லாயிருந்தது.

பிறகு மூடி, இறுகின தக்கை. திறக்கிற சாமான் இல்லை. அகப்பைக் காம்பால உள்ளுக்குத் தள்ளினன், பதினைஞ்சு சீறியடிச்சு நான் இடுப்பில கட்டியிருந்த வெள்ளைச் சாரம் கத்தரிப்பூ நிறமாப் போச்சு. ரெண்டு போத்திலிலயும் ஒவ்வொரு கிளாஸ் வாத்து, எது எதெண்டு தெரியாமக் குடிச்சால்தானே நியாயம் எண்டு கண்ணைப் பொத்திக்கொண்டு நானே மாத்தி மாத்தி வைச்சன். வைச்ச கைக்குத் தெரியுமே! இந்தச் சோதினைக்கு வீட்டில இன்னொரு ஆள் வேணும், மருமகன்.

வேற வழியில்லாமல் மதிலால ரீச்சரைக் கூப்பிட்டன். "அப்ப இதுதான் மருந்தோ?" எண்டு கேட்டா. முன்கதவை அகலத் திறந்துவைச்சுப்போட்டு, என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிக்கவிட்டு, கிளாசுகளை மாத்தினா. "அவசரப்படாமல் யோசிச்சுச் சொல்லுங்கோ, பிறகு விடையை மாத்த விடமாட்டன்." நான் ரெண்டையும் குடிச்சுப் பாத்து, இதுதான் திறம் எண்டு இடப்பக்கத்தைக் காட்டினன். "அது மலிவு!" தான் மூக்கடியில பிடிச்சு மணந்து பாத்துப்போட்டு, ரெண்டும் பழுதாப்போன நாவல்பழம் எண்டா. பிறகு கதிரையில இருந்து பள்ளிக்கூடத்துக் கதை சொல்லத் தொடங்கினா, விளக்கேத்துற நேரம் வரைக்கும் எழும்பேல்லை. அடுத்த நாளும், முடிவு சரியோ எண்டு ஒரு ஐமிச்சம் எண்டு சொல்லிக் கூப்பிட்டன். அண்டைக்கும் மலிவுதான். எனக்கு ஒரு ஐமிச்சமும் இருக்கேல்லை. அதுக்கடுத்த நாள் போத்தில் ரெண்டும் காலி, கூப்பிட ஒரு சாட்டுப்போக்கும் இல்லை.

ஆகவே மாமாவின் முடிவு: பேருக்குக் காசு கொடுப்பது வீண். நீங்கள் வந்தால் பதினாலே தாராளமாகக் காணும்.

இருவரும் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா
தவராசா

பி.கு.: மேலே எழுதினதை விடுங்கோ. இதைத் தபாலில போடப் போன நான் அப்பிடியே உப்புவெளிக்குப் போய், பதினைஞ்சிலயே இன்னொண்டு வாங்கியந்திட்டன். அலுமாரியில சரிச்சு வைச்சிருக்கிறன். இன்னும் பத்து வருசத்துக்குக் கிடக்குமாம், அவசரமே இல்லையாம் எண்டு கடைக்காரர் சொன்னார். மருமகன், அது போத்திலுக்குச் சொன்ன கதை, எனக்கில்லை.