கட்டில் கழற்றும் கூட்டம்

மகள் சுவரைப் பிடிக்காமல் நடந்த அன்றே அந்த ப்ராஜெக்ட் மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். குழந்தை வளர்ப்பு என்னும் திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது. இனி அந்தச் சின்ன அறை அவருடையது. குழந்தைக் கட்டிலைக் கழற்றிவிட்டால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, கதவுக்கு உள்ளிருந்து ஒரு தாழ்ப்பாள். சொர்க்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தார். துணி மடித்தபடியே மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, ஆபீஸ்ல எதை முடிச்சாலும் கூட்டம் போடுவீங்களே. இதுக்கு இல்லையா?"

மனிதருக்கு உச்சி குளிர்ந்தது. கல்யாணமான நாளாக அவர் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. உடனே விதியை விளக்கினார். நடந்த குறையை யாரும் சொல்லலாம். அடுத்த முறை அதற்கு நான் பொறுப்பு என்று ஒருவர் வாயால் ஏற்றால்தான் கூட்டம் முடியும். ஏற்றதை மாற்றக் கூடாது.

அவள் சாவதானமாக ஆரம்பித்தாள். ராத்திரி குழந்தை வீரிட்டபோதெல்லாம் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது, இவர் குறட்டை மட்டும் நிற்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட அன்று ஈரத்துணியும் கையுமாக அவள் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தாள். இவர் மீட்டிங்கில் இருந்தார். அவருக்குத் திக்கென்றது. இதெல்லாம் நம் வீட்டிலா நடந்தது?

ஆனாலும் அடுத்த முறை என்று ஒன்று வந்தால்தானே? வாய்ச்சொல்லில் என்ன கஞ்சத்தனம்? அள்ளி விட்டார். ராத்திரி முழிப்பது அவர். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது அவர். மாதக்கணக்கில் லீவு போடுவதும் அவரே.

"மாத்த மாட்டீங்களே?"

"என் சர்வீஸ்ல மாத்தினதே இல்ல."

"அப்ப கழட்டின ஸ்க்ரூவைத் திருப்பி முடுக்குங்க. டாக்டரம்மா நேத்து உறுதியா சொல்லிட்டாங்க."

ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. வலி தெரியவில்லை. மேசை, நாற்காலி, தாழ்ப்பாள் எல்லாம் கண்ணெதிரே வரிசையாக வெளிநடப்புச் செய்தன. இதற்குள் மகள் ஒரு ஸ்க்ரூவை வாய்க்குக் கொண்டுபோனாள். அதைப் பிடுங்கியதும் மனைவிதான்.

கடைசியில் அவர் பேரத்தில் இறங்கினார். "ராத்திரி முழிக்கிறேன், சரி. லீவு எப்படிம்மா? நான் இல்லாம அந்த ஆபீஸ் ஒரு நாள் ஓடுமா, சொல்லு."

"கேட்டுட்டேங்க. டாக்டர்கிட்ட காத்திருந்தப்ப உங்க பெரிய மேனேஜர் அவர் சம்சாரத்தோட என் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். எத்தனை மாசம் வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லுங்கம்மா, ஆபீஸ்ல வேலை சீக்கிரம் முடியும்னார்."