பிரிக்கக் கூடாத பொட்டலம்

தெருவுக்கு ஒருவராவது தேறும் ஓர் இனத்தை இன்று உங்களுக்குக் காட்ட வேண்டும். பெயர், குவாண்டம்காரர். குழம்பில் உப்பு கூடினாலும், பஸ் வராவிட்டாலும், வந்த பஸ் நிற்காவிட்டாலும், நின்ற பஸ்ஸில் ஏறும்போது செருப்பு அறுந்தாலும், கண்ணை மூடி விரலை உயர்த்துவார். "அணுவுக்குள்ளாறயே எல்லாம் குருட்டாம்போக்குதான் நைனா! காரணமே கெடையாது!" படிப்பு? எட்டாவது. மீதி யூடியூப்.

பட்டினப்பாக்கத்தில் மீன் வெட்டித் தரும் டில்லிபாபு இந்த இனத்தில் முதல் தரம். வஞ்சிரம் வாங்க வந்தவர் துண்டோடு தத்துவத்தையும் வாங்காமல் வீடு திரும்ப முடியாது. எதிர்க்கட்சி, பக்கத்தில் இறால் உரிக்கும் மனைவி முத்துமாரி.

"காரணம் கீதுய்யா. உன் மூளைக்குத்தான் எட்டல."

கல்யாணமான நாளாய் இதே பட்டிமன்றம்.

போன ஆடியில் அது விளையாட்டு இல்லாமல் போனது. மகள் காவேரிக்குக் கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை கிடைத்தது. அனுப்ப முத்துமாரிக்கு மனசில்லை. காவேரி சோற்றைத் தொடவில்லை. கடைசியில் அம்மனையே கேட்பது, பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு காகிதத்தில் சிவப்பு ரோஜா, இன்னொன்றில் வெள்ளை. காவேரி எடுப்பது சிவப்பென்றால் கோயம்புத்தூர், வெள்ளையென்றால் வீடு.

பொட்டலம் கட்டுவது யார்? அம்மனையும் நம்பாத, காரணத்தையும் நம்பாத ஒரே ஆள்.

"பாதிக்குப் பாதி சான்ஸ். உங்க அம்மனுக்கே தெரியாது!" என்று கோயில் வாசல்வரை பிரசங்கம் செய்தபடி வந்தார் டில்லிபாபு.

காவேரி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

அவள் துள்ளினாள். முத்துமாரியின் கண் மட்டும் மற்றதன் மேலேயே இருந்தது.

"அத்தயும் பிரி."

"பிரிக்கவே கூடாது! பாக்காத வரிக்கும் அது வெள்ளையுந்தான், செவப்புந்தான். விஞ்ஞானம்டி!"

"குடுய்யா இப்டி."

குவாண்டம்காரர் என்ன செய்தார் தெரியுமா? பொட்டலத்தைக் காகிதத்தோடு வாயில் போட்டு மென்றார். பூசாரி மணியடிப்பதையே நிறுத்திவிட்டார்.

உதட்டோரம் ஒட்டியிருந்தது சிவப்பாய் ஓர் இதழ்.

"இன்னாய்யா அது?"

"வெத்தல."

பிறந்ததிலிருந்து வெற்றிலை போடாத மனுஷன். காவேரி திரும்புவதற்குள் முத்துமாரி முந்தானையால் அந்த இதழை ஒற்றியெடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அம்மனே சொல்லிட்டா. பொட்டி கட்டுடி."

அவள் குரல் உடைந்ததை யாரும் கவனிக்கவில்லை. மென்றுகொண்டிருந்தவரைத் தவிர.

உலகம் நிஜமாகவே குருட்டாம்போக்கா, இல்லை காரணம்தான் நம் புத்திக்கு எட்டவில்லையா? இன்றும் மீன்கடையில் சண்டை ஓய்ந்தபாடில்லை. நீங்கள் எந்தக் கட்சி? "எல்லாம் அவன் விட்ட வழி" என்று கையைக் கட்டி ஒதுங்கி நிற்கும் பெரிய மனுஷரா? ரொம்ப நல்லது. எதற்கும் ஒரு தடவை கண்ணாடியில் உங்கள் உதட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.