மேல்வயல் கோட்டையும் என் கையெழுத்தும்

கிளேர், 12 அக்டோபர் 1974

அன்புத் தம்பி டெக்லனுக்கு,

அக்கா ப்ரோனா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தான் கொல்மும் பசுக்களும் நலம். மழையும் நலமாகப் பெய்துகொண்டிருக்கிறது. பாஸ்டனில் நீங்கள் அனைவரும் சுகம்தானே?

மேல்வயலில் இருக்கும் பழைய மண்மேட்டு வட்டக் கோட்டையை மட்டமாக்கி வீடு கட்ட என் கையெழுத்து வேண்டும் என்று மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறாய். தாமதம் என்னால் அல்ல. மண்வாரி இயந்திரம் வைத்திருக்கும் மலக்கியை அழைத்தேன். வயல்வரை வந்தவன், மண்மேட்டில் நிற்கும் முள்மரத்தைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டான்.

"அக்கா, சாக்கடை வெட்டணுமா, சொல்லு. கல்லறை தோண்டணுமா, அதுவும் சரி. அந்த நல்லவங்க வீட்டுல மட்டும் கை வைக்க மாட்டேன்." மண்ணுக்கடியில் வாழும் மாயக்காரர்களைப் பெயர் சொல்லப் பயந்து ஊர் இன்னும் அப்படித்தான் சொல்கிறது.

"படிச்சவ நான், என்கிட்டயேவா?"

"அவங்க சர்டிபிகேட் எல்லாம் பாக்கறதில்லக்கா."

கொல்முக்குக் கோபம். இருபது வருடமாகப் பூகோளம் நடத்துகிறவர் அல்லவா, தானே அளக்கிறேன் என்று பட்டப்பகலில் நாடாவோடு உள்ளே போனார். நூறடி வட்டம், ஒரே வாசல், வாசலில் நான் நிற்கிறேன், மனிதர் மேட்டைத் தடவியபடி சுற்றிச் சுற்றி வருகிறார், என்னைக் கடந்தும் போகிறார், நான் மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

"ஏங்க, இங்கதான் இருக்கேன்!"

"குரல் கேக்குது, எந்தப் பக்கம்?"

"அவங்க வழி தப்ப வெச்சா நம்ம ஊர்ல என்ன செய்வோம்? ஸ்வெட்டரைக் கழட்டி உள்பக்கம் வெளியில தெரியப் போடுங்க!"

"பூகோள வாத்தியார்டி நான்!"

வாத்தியார் இறங்கிவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. திருப்பிப் போட்டதும் நேராக வெளியே வந்தார். வந்ததும், "எதுக்கு எல்லாரும் சேர்ந்து சிரிச்சீங்க?" என்று கேட்டார். நான் தனியாகத்தான் நின்றிருந்தேன்.

ஈரமும் பயமும் செய்த வேலை என்றே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். நாற்பத்து நான்கு வயதில், எது என் எண்ணம், எது ஊர் எனக்குள் போட்டுவைத்த பயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதது வெட்கமாக இருக்கிறது. ஆகவே கையெழுத்திட்ட சம்மதப் பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் புது வீட்டுக் கூரை ஒருநாளும் ஒழுகாதிருக்கட்டும். குழந்தைகளுக்கு முத்தங்கள்.

உன் அக்கா,
ப்ரோனா

பின்குறிப்பு: இதைத் தபால் பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன். குறுக்கு வழி என்று மேல்வயலில் இறங்கினேன். கோட்டைக்குள் நுழைந்ததாக நினைவே இல்லை. மேட்டுக்கு மேலே தபால் வண்டியின் கூரை தெரிந்தது, வாசல் தெரியவில்லை. ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டேன். அப்போதும் தெரியவில்லை. காதருகே யாரோ சிரித்தார்கள்; கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, காத்திருக்கிறவர்களின் சிரிப்பு. பத்திரத்தைக் கிழித்தேன். வாசல் என் முழங்கையை ஒட்டியே இருந்தது. உறைக்குள் தேடாதே.