நாட்டின் பெயரில் தேய்ந்துபோன வழி

ஸ்கார்வ்விக்,
மே பதினாறு

அன்பும் மரியாதையும் நிறைந்த போர்கில் சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் குன்வோர் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அப்பாவின் படகு எல்லோரும் நலம். ரோட்டர்டாமில் நீங்களும், வீபே சித்தப்பாவும், அவருடைய இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் பின்னி அனுப்பிய கையுறை கச்சிதமாக இருக்கிறது. ஒரு விரல் மட்டும் கூடுதலாக இருப்பதுபோலத் தெரிகிறது. குளிருக்கு அதுவும் நல்லதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை நான் கிளம்பி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மாடி அறையைக் காலி செய்து வையுங்கள். இது வேண்டுகோள் இல்லை, தகவல். இந்தக் கடிதத்தை நானே கையோடு எடுத்துவந்து வாசலில் நின்று உங்களிடம் நீட்டுவேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை நான் எதுவும் பேச வேண்டியிருக்காது. எல்லாவற்றையும் நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறேன்.

காரணம் இதுதான். நாளை மே பதினேழு, நம் தேசியத் திருநாள். ஊர்வலம் படகுத்துறைக்கு வந்து நின்றதும் ஒருவர் ஊருக்கு முன்னால் பேச வேண்டும் அல்லவா, இந்த வருடம் அந்த ஒருவர் நான். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே பள்ளியை விட்டு பேக்கரியின் பின்கட்டுக்குப் போனவள் நான். மாவு யாரையும் எழுந்து வாசிக்கச் சொல்வதில்லை. என்னை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்பீர்கள். ஏப்ரலில் விழாக் குழு கூடியது. நான் கேக் கொண்டுபோயிருந்தேன். நம் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதைப் பாதியாக வெட்டி ஒருவர் எடுத்தார், மிச்சத்தைப் பாதியாக வெட்டி இன்னொருவர் எடுத்தார், அதையும் வெட்டினார்கள், கடைசியில் தட்டில் தபால்தலை அளவுக்கு ஒரு துணுக்கு உட்கார்ந்திருந்தது, யாரும் அசையவில்லை. எனக்குத் தட்டைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். குழுத் தலைவி டாக்னி அக்கா எழுந்து நின்றார்.

"பாத்தீங்களா! எல்லார் முன்னாடியும் கடைசித் துண்டை எடுத்துட்டா! இந்தத் தைரியம் இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு? இந்த வருஷம் இவதான் பேசுறா."

என் வாயில் கேக் இருந்ததால் மறுக்க முடியவில்லை. வாய் காலியாக இருந்திருந்தாலும் மறுத்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். தலைப்பையும் அவரே கொடுத்தார்: நம் நாட்டுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது. "சின்ன விஷயம்தான் குன்வோர், யார் மனசும் நோகாது" என்றார்.

யார் மனமும் நோகாது! அன்று சாயங்காலமே அப்பாவிடம் கேட்டேன்.

"இதுல என்னம்மா சந்தேகம்? வடக்கு வழி. தெக்கேயிருந்து கப்பல்ல வந்தவன் கரையோரமாவே மேல போனான். வடக்கே போற வழின்னு பேர் வச்சான். கப்பல்காரன் வச்ச பேரு. ஊதுகுழல் ஊதுறவன் வச்ச பேரில்ல."

அந்தக் கடைசி வாக்கியம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் அண்ணன், என் தோர்கில்ஸ் மாமா, ஊர் பாண்டு குழுவை நடத்துகிறவர். மறுநாள் ரொட்டி வாங்க வந்தவர் பின்கட்டுவரைக்கும் வந்துவிட்டார்.

"வடக்கு வழியா? வடக்குலயே குடியிருக்கிறவன் தன் ஊரையே வடக்குன்னு சொல்வானா? உங்கப்பா தன் வீட்டை எதிர்வீடுன்னா சொல்றாரு? பழைய பேச்சுல அந்த முதல் பாதிக்கு இடுக்குன்னு அர்த்தம். இடுக்குத் தண்ணியில போற வழி. வெளிய எட்டிப் பாரு. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல உங்கப்பா படகு. திருப்ப இடமில்லாமத்தானே போன வாரம் துறைத் தூண்ல கொண்டுபோய் இடிச்சாரு?"

இதை நான் அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "நான் இடிக்கல. தூண் தள்ளி நின்னிருக்கணும்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு இருவரும் நேரில் பேசிக்கொள்ளவில்லை, என் வழியாகத்தான் பேசினார்கள். மேடையில் வடக்கு என்று சொன்னால் பாண்டு வாசிக்காது, சின்ன டிரம்கூடச் சத்தம் போடாது என்று மாமா சொல்லியனுப்பினார். இடுக்கு என்று சொன்னால் தன் படகு ஓடாது, அக்கரை ஜனங்கள் நீந்தித்தான் வீடு திரும்ப வேண்டும் என்று அப்பா சொல்லியனுப்பினார். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த அம்மா, "ரெண்டு பேரையும் அந்த வழியிலயே அனுப்பி வைக்கணும். வடக்கோ இடுக்கோ, போனாப் போதும்" என்றார்.

சரி, வெளியாட்களைக் கேட்போம் என்று முடிவு செய்தேன். ரொட்டி வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம், "உங்க பேச்சுல எங்க நாட்டுக்கு என்ன பேரு?" என்று கேட்கத் தொடங்கினேன். முன்னால் வந்து கேட்கக் கூச்சமாக இருந்ததால் ரொட்டி அடுக்குக்குப் பின்னால் நின்று கேட்டேன். வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றுகிற ஒரு ஜெர்மன் பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார், யாரையும் காணவில்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கறுப்பு ரொட்டியைப் பார்த்து "நோர்வேகன்" என்று பணிவாகப் பதில் சொன்னார். அடுத்த நாளும் வந்து அதே ரொட்டியிடம் தன் பேரன் பேத்திகளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். மீன் ஆலையில் வேலை செய்கிற ஐஸ்லாந்துக்காரர் ஸ்டெயின், "நோரேகுர். ஏன், உங்க நாட்டுப் பேரு உங்களுக்கே மறந்துபோச்சா?" என்று கேட்டார். ஆங்கிலேயர் "நார்வே" என்றார். சித்தப்பாவின் டச்சுப் பேச்சிலும் ஜெர்மன்போலத்தான் வரும் என்று நீங்களே முன்பு எழுதியிருந்தீர்கள்.

அப்போதுதான், சித்தி, எனக்கு விஷயம் பிடிபட்டது. அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவர்கள் எல்லோரும் ஒரே வேரிலிருந்து வந்த மொழிக்காரர்கள், பெயரும் ஒன்றுதான். ஜெர்மன்காரர் பெயருக்குள் வழி என்ற சொல் முழுசாக இருக்கிறது. டச்சிலும் அப்படியே. ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர் கொஞ்சம் தேய்த்துவிட்டார். நாம்? நாமும் ஸ்வீடன்காரர்களும் "நோர்கே", "நோரியே" என்று வாலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம், அதற்குள் வழி இருந்ததே தெரியாது. தூரத்தில் இருக்கிறவர்கள் எப்போதாவதுதான் நம் பெயரைச் சொல்கிறார்கள், அதனால் அவர்களிடம் அது புதுசாக இருக்கிறது. நாம் தினமும் அதன்மேல் நடந்து நடந்து தேய்த்துவிட்டோம், நம் வீட்டு வாசற்படிபோல. முதல் பாதி வடக்கா இடுக்கா என்று படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். பின்பாதியில் மட்டும் யாருக்கும் சண்டை இல்லை.

நானே கண்டுபிடித்தது என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல பேச்சு. பேச மட்டும் வேறு ஆள் வேண்டும். டாக்னி அக்காவிடம் கொடுத்தேன், "அய்யோ, நான் யாரு இதைப் பேச" என்றார். போதகரிடம் கொடுத்தேன், அவரும் அதையே சொன்னார், ஆனால் கொஞ்சம் நீளமாக. சரி, நாமே பழகிப் பார்ப்போம் என்று மாவிடம் பேசிப் பார்த்தேன். "அன்பான ஊர் மக்களே" என்றதுமே அடுத்த வரி மறந்துபோனது, ஈஸ்ட் போடவும் மறந்துவிட்டேன், அன்று ஊரே தட்டை ரொட்டி தின்றது. யாரும் புகார் சொல்லவில்லை. "வித்தியாசமா இருக்கு" என்றார்கள். நம் ஊரில் அதற்கு மேல் திட்டு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே என் முடிவு சரியானது. நாளை எல்லோரும் தேவாலயத்தில் இருக்கும்போது நான் படகு ஏறிவிடுவேன். அப்பாவின் படகுதான், ஆனால் சுக்கானைப் பிடித்துவிட்டால் அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. தூணைக் கேட்டால் சொல்லும். அக்கரையில் பேருந்து, பிறகு கப்பல், பிறகு நீங்கள். நான் உங்களுக்குப் பாரமாக இருக்க மாட்டேன். ரொட்டி சுடுவேன், முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பேன், விருந்தாளி வந்தால் மாடியில் இருப்பேன்.

வீபே சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் அடுப்பும் மனமும் எப்போதும் சூடாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

முடிவெடுத்துவிட்ட,
குன்வோர்.

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் வருகிறது என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். மாடி அறையைக் காலி செய்ய வேண்டாம். இன்று காலை பையோடு துறைக்குப் போனேன். மழை பெய்யும்போல இருந்ததால் ஆராதனையைச் சுருக்கிவிட்டு ஊர்வலம் சீக்கிரமே கிளம்பியிருக்கிறது. நான் படகின் பலகையில் ஒரு கால், கரையில் ஒரு கால் வைத்திருந்தபோது, கொடிகளோடு குழந்தைகள், பின்னால் பாண்டு, பின்னால் ஊர் மொத்தமும் வந்து நின்றது. யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் கூப்பிடக்கூட இல்லை. சும்மா மழையில் நின்றார்கள், சித்தி, அவ்வளவு மரியாதையாக. அப்பா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏறுறியாம்மா, இல்லையா? அவசரமில்ல" என்றார். மாமா, "நிதானமா யோசிம்மா, டிரம் தோல் நனைஞ்சா நனையட்டும்" என்றார். இதைவிடக் கொடுமை உண்டா?

பேசினேன். வழி தேய்ந்த கதையைச் சொன்னேன். "வடக்கா இடுக்கான்னு எனக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்ச மாதிரி ரெண்டு பேர் எங்க வீட்ல இருக்காங்க, அவங்களும் வழியிலதான் சண்டை போட்டுட்டு நிக்கிறாங்க" என்றேன். முதலில் சிரித்தது அப்பா, அவர் படகின் சங்கை ஊதினார். பிறகு மாமா கையைத் தூக்கினார், பாண்டு வாசித்தது. இருவருமே நான் தன் பக்கம்தான் பேசினேன் என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், சேர்ந்தே.

பிறகு அக்கரை ஊர் விழாத் தலைவி வந்து, அடுத்த வருடம் தங்கள் ஊரிலும் நான் பேச வேண்டும் என்றார். இந்த முறை வாயில் எதுவும் இல்லை. "முடியவே முடியாது!" என்று துறையே அதிரும்படி கத்தினேன். அவர் அசந்துபோய்ப் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினார்.

"கேட்டீங்களா அந்தக் குரலை? ஒலிபெருக்கிகூட வேண்டாம். எழுதிக்கோங்க, இவதான்."