மேலிருந்து பார்த்த முதலை

பேரன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே அத்தானையும் உன் முட்டிவலியையும் முறைப்படி விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் என்னோடு பேசிவிட்டாள்!

ஐந்து மாதம், அக்கா. அவள் பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பர் என்பது உனக்குத் தெரியும். அவள் தோழிகள் சாப்பிட வந்திருந்த அன்று, இருபத்தாறு வயசுல பந்தைத் தடுத்து என்ன சாதிக்கப் போறே என்று வாய் தவறிக் கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே, அப்பா பக்கத்துல இருக்கிற உப்பை எடுத்துக் குடும்மா என்று அவள் அம்மாவிடம்தான் சொல்வாள். அப்படிப்பட்டவள் போன மாதம் என் மேசைக்கு வந்து நின்று, "அப்பா, எங்க டீம் பேரு முதலைகள். சட்டையில போட ஒரு லோகோ வரைஞ்சு தர்றீங்களா?" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முப்பத்தொரு வருஷம் கட்டடங்களுக்குப் பிளான் போட்டவன் நான். வீடானாலும் முதலையானாலும் முறை ஒன்றுதானே? மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, 1:20 அளவில், நான்கு காலும் வாலும் இம்மி பிசகாமல் வரைந்தேன். காபி கொண்டுவந்த என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, பல்லி எதுக்குங்க என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அசரவில்லை. பல்லி இவ்வளவு பெரிதாக இருக்காது என்று யாருக்கும் விளங்குகிற மாதிரி, பக்கத்தில் கோடு போட்டு 4200 என்று நீளத்தைக் குறித்தேன். கீழே ‘எல்லா அளவுகளும் மில்லிமீட்டரில்’ என்று எழுதினேன். பழக்க தோஷம், வடக்குத் திசை அம்புக்குறியும், வரைந்தவர், சரிபார்த்தவர் கட்டமும் தானாகவே வந்துவிட்டன. மகளிடம் காட்டாமல் நானே நேரே அச்சடிக்கக் கொடுத்தேன். சட்டையில் அச்சடிக்கிறவர் ரொம்ப நேர்மையானவர் போலிருக்கிறது, ஒரு புள்ளி விடாமல் பதினொரு சட்டையிலும் அடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பைக்கான இறுதி ஆட்டம். என் முதலையைப் பார்க்கத்தான் முதல் தடவையாக மைதானத்துக்குப் போனேன். நடுவர் எங்கள் அணிப் பெண்களை நிறுத்தி, எல்லோருக்கும் ஏன் 4200 என்று ஒரே நம்பர் என்று விசாரிக்கிறார்! கூட்டம் ‘பல்லி, பல்லி’ என்று கத்துகிறது. நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். போச்சு, இனி ஆயுசுக்கும் பேசமாட்டாள் என்று குடைக்குள்ளேயே முனகினேன். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருக்கும்போது, ஆட்டம் முடிகிற நேரத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி. பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்த பெண், எதிரே நின்ற என் மகளின் சட்டையைப் படிக்க ஆரம்பித்தாள். மில்லிமீட்டர் வரைக்கும் வந்திருப்பாள், சிரிப்பு பொத்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே உதைத்தாள். என் செல்வம் பக்கவாட்டில் பாய்ந்து பந்தை அப்படியே அமுக்கிவிட்டாள் அக்கா! ஒன்றுக்குப் பூஜ்யம், கோப்பை எங்களுக்கு. நான் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

சேறும் வேர்வையுமாக நேரே என்னிடம்தான் வந்தாள். நான் படத்தைப் பற்றி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "படம் கிடக்கட்டும்ப்பா. நீங்க வந்தீங்கள்ல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கக் குடையும் கையில் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கங்கள். உன் பேரப்பிள்ளைகள் எந்த மிருகத்தின் பேரில் விளையாடினாலும் அமோகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வரைந்தவர்: உன் தம்பி
சரிபார்த்தவர்: யாருமில்லை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு செய்தி. கூட்டம் கத்தியது பிடித்துப்போய், அணியின் பெயரையே ‘பல்லிகள்’ என்று மாற்றிவிட்டார்களாம், முதலை ரத்து. புதுப் படமும் நான்தான் வரைய வேண்டுமாம். இந்தத் தடவை யாருக்கும் சந்தேகமே வரக்கூடாது என்று பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி, வாயைத் திறந்து பூச்சி பிடிக்கும் பல்லியை வரைந்து முடித்துவிட்டேன். என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, இப்பத்தாங்க முதலை மாதிரியே இருக்கு என்று பாராட்டினாள். மகளிடம் இன்னும் காட்டவில்லை.