பானுவின் ஃபங்ஷன் பற்றி மீஞ்சூர் மாமாவுக்கு

தோணிரேவு

மரியாதைக்குரிய முத்துராஜ் மாமாவுக்கு, உங்கள் மச்சான் தருமலிங்கம் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், சாமுண்டீஸ்வரி, மகள் பானுப்ரியா மூவரும் நலம். ஏரியில் இறாலும் சுமாராகக் கிடைக்கிறது. அங்கே நீங்களும் கலைவாணி அக்காவும் கோபம் தணிந்து நலமாயிருக்க வேண்டும். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்; அதனால்தான் கடிதம்.

போன ஞாயிறு நீங்கள் இரண்டு வேன் நிறைய சொந்தங்களோடும் சீர்த்தட்டுகளோடும் வந்து இறங்கியபோது வாசலில் பந்தல் இல்லை, அடுப்பில் பிரியாணி இல்லை, பானு நைட்டியோடு உட்கார்ந்து லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்தாள், எல்லாம் உண்மை. ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் முன்னதாகவே நிச்சயத்தை முடித்துவிட்டோம் என்று நினைத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினீர்களே, அதுதான் மாமா எனக்குத் தாங்கவில்லை. நடந்தது என்னவென்றால், லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரை ஓட்டுவது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் சேர்ப்பதற்காக பானு எதையோ கட்டிக்கொண்டிருந்தாள். "சோறு துன்னாம இன்னாடி பண்ற?" என்று அவள் அம்மா கேட்க, "ஃபங்ஷன ஷெட்யூல் பண்ற லைப்ரரிம்மா, பேக்கேஜ் பண்ணிகினு இருக்கேன், ஞாயித்துக்கெழம முடிச்சிடணும்" என்றிருக்கிறாள். சாமுண்டியின் காதில் விழுந்தது ஃபங்ஷன், பேக்கேஜ், ஞாயிறு. அதைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் சொன்னாள். பச்சையம்மா பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் கூடையை இறக்கும்போது அது சமையல் பேக்கேஜோடு நிச்சயதார்த்தமாகிவிட்டது. பொன்னேரி பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலையும் கிடைத்துவிட்டது!

நீங்கள் போனபின் பானுவைப் பிடித்துக் கத்தினேன். "நைனா, ஃபங்ஷன்னா கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சின்ன வேல. எது எப்ப ஓடணும்னு முறை வெக்கறதுதான் இந்த லைப்ரரி. ஏரியில இன்னிக்கு யாரு வலை போடறது, நாளைக்கு யாருனு நம்ம பாடு வெக்கறோமே, அப்டி" என்றாள். "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா உங்க மாமா நம்ம வூட்ல சோறு துன்னுட்டுப் போயிருப்பாரே!" என்றேன். அவள் கவலை வேறு. அவளிடம் ஒழுங்காக ஓடியது அந்த லினக்ஸ்காரர்களுடைய மெஷினில் சரியாக ஓடவில்லையாம்; காலை ஆறுக்கு நடக்க வேண்டியது பதினொன்றரைக்கு நடக்கிறதாம். எந்த ஊரில் எத்தனை மணி என்கிற விவரமும் கூடவே வேண்டும் என்று ஒரு வரி எழுத மறந்திருக்கிறாள். அதையும் அவளே ஏற்றிவிட முடியாது, அனுபவமுள்ள ஒருவர் பார்த்து ஏற்ற வேண்டும். அவர் உங்கள் ஊர் மீஞ்சூர்க்காரப் பையன்தான், டேவிட் என்று பெயர். போனிலேயே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முந்தாநாள் எல்லாம் சரியாகி, "ஒத்துக்கினாங்க நைனா, ஒத்துக்கினாங்க!" என்று பானு தெருவே அதிரக் கத்தினாள். மாப்பிள்ளை வீட்டார்தான் ஒத்துக்கொண்டார்கள் என்று பச்சையம்மா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்துவிட்டாள்.

ஆகவே மாமா, ஃபங்ஷனும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. தயவுசெய்து இதைச் சொந்தங்கள் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கு அஞ்சும்
தருமலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டும்போது பானு வந்து நின்றாள். "நைனா, டேவிட் வூட்ல ஞாயித்துக்கெழம பேச வராங்க." "எந்த லைப்ரரி பத்தி?" என்று கேட்டேன். "என்னைப் பத்தி" என்றாள். சாமுண்டி பச்சையம்மா வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் இல்லாமல் எனக்குப் பேச வராது மாமா. இரண்டு வேனும் வரட்டும்.